என் குரலுக்குத் திறக்கும் கதவு

முதலில் என் கையை விட்டு நழுவியவை முட்டைகள். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். அவித்த முட்டையைப் பிள்ளைகளின் தட்டில் வைப்பது உதவியாளரின் வேலை. எனக்கு அது பிடிக்கும் என்பதால் நானே வைப்பேன். நான் வேலையில் இருந்த கடைசிச் சில மாதங்களில், வாரத்தில் ஒன்றிரண்டு முட்டைகள் விரல்களுக்கு நடுவே வழுக்கித் தரையில் உருண்டன. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் போயிற்று. கையெழுத்து கோணியது. நடக்கும்போது தரை மெத்தை போல அமுங்குவதாகத் தோன்றியது. எனக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை உண்டு. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் காட்டிய டாக்டரும் நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். விரல் மரத்துப்போய், நடையும் தள்ளாடுகிறது என்றால் கழுத்தையும் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

என் பெயர் வசந்தா. கணவர் கோவிந்தராசு, விவசாயம். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. ஒரே மகன் செந்தில் கத்தாரில் எலக்ட்ரீஷியன். அந்த ஆவணியில் என் கணவருக்கு அறுபது நிறைகிறது, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி, புடவை வேட்டி கூட எடுத்தாயிற்று. ஆடி மாதம் நான் விழுந்தேன்.

கொல்லையில் குழாயடியில் பாசி. கால் வழுக்கியது. தாடை தொட்டி விளிம்பில் இடித்து, தலை பின்பக்கம் மடங்கியது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எழுந்திருக்க முயன்றேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அது என் மேல் ஓடுகிறது என்பதைப் புடவை நனைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் வயலிலிருந்து வந்து பார்த்தார்.

"என்ன வசந்தா, எந்திரி."

"முடியலங்க."

"காலை ஊணிக்க. நான் புடிச்சிக்கறேன்."

"கால் எங்க இருக்குன்னே தெரியலங்க."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் பயந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, குழாய் போன்ற அந்த ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளினார்கள். உள்ளே ஆணி அடிப்பது போலச் சத்தம். முடிந்ததும் வராந்தாவில் தள்ளுவண்டியிலேயே காத்திருந்தோம். படுத்திருப்பவளுக்குத் தெரிவதெல்லாம் விட்டமும் குனிந்து பார்க்கும் முகங்களும்தான். வராந்தாவில் காத்திருந்த ஒரு அம்மாள், யாரென்றே தெரியாது, என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போனார். அவர் முகம் இப்போதும் நினைவிருக்கிறது.

டாக்டர் இளம் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். "கழுத்தெலும்புக்கு நடுவுல ஒரு வழி இருக்கும்மா. மூளையிலேர்ந்து கை காலுக்கு இறங்குற நரம்புத் தண்டு அதுக்குள்ளதான் போகுது. உங்களுக்கு அந்த வழி பல வருஷமா கொஞ்சங் கொஞ்சமா சுருங்கியிருக்கு. கை மரத்தது, பொருள் நழுவுனது எல்லாம் அதனால. இப்ப விழுந்த அதிர்ச்சியில தண்டு நசுங்கிடுச்சு."

என் கணவர் யோசித்துவிட்டுக் கேட்டார். "வாய்க்கால் தூந்து போச்சுங்கறீங்க."

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். ஆபரேஷன் பண்ணி அந்த இடத்தை அகலமாக்குவோம்."

"தூர் வாருனா தண்ணி வந்துடுங்களே."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "நரம்பு அப்படி இல்லைங்கய்யா. இதுக்கு மேல கெடாம தடுக்கலாம். போனதுல எவ்வளவு திரும்பும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

முன் கழுத்தைக் கீறி ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்தபோது எனக்குக் குரலும் இல்லை. உள்ளே போக வழி வேண்டி, பேசுவதற்கான நரம்பை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருப்பார்களாம். அதனால் சில வாரங்கள் குரல் காற்றாகத்தான் வரும், பிறகு சரியாகும் என்றார்கள். கையும் இல்லை, காலும் இல்லை, கூப்பிடக் குரலும் இல்லை. அந்த வாரத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது. மூக்கு அரித்தது என்பதை மட்டும் சொல்கிறேன். மூக்கு அரித்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்தே விடிந்த இரவுகள் உண்டு. அவர் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருப்பார். நான் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் போடுவேன். எழுந்து உட்கார்ந்து, "எங்க?" என்பார். கண்ணால் காட்டுவேன்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் அவர். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகள் சொன்னதையெல்லாம் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை என்னை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை, முட்டிக்கு நடுவே தலையணை. சிறுநீர்க் குழாய்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிட வேண்டும். தலை வாரிப் பின்னக் கூடக் கற்றுக்கொண்டார். முதல் நாள் பின்னலைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தாள். "வைக்கோப் பிரி முறுக்குனவர் கை அக்கா" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினார்.

பிசியோதெரபி செய்த பையன் தினமும் வந்து கை காலை மடக்கி நீட்டுவான். ஒருநாள் என் இடது முழங்கை தானாக மடங்கியது. அப்புறம் தோளைக் கொஞ்சம் தூக்க வந்தது. விரல்கள் வரவில்லை. கால்கள் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். குரல் அப்போது பாதி திரும்பியிருந்தது.

"நடப்பேனா டாக்டர்?"

"நடக்கறதைப் பத்தி இப்ப நினைக்காதீங்கம்மா. உங்களுக்கு மூச்சு நல்லா இருக்கு. பேச்சு வந்துடும். அதை வச்சு என்னென்ன செய்யலாம்னு பாருங்க."

டாக்டர் சொன்னது எனக்கு அன்று ஆறுதலாகப் படவில்லை.

செந்தில் லீவு போட்டு வந்திருந்தான். அவன் கத்தாரில் வெறும் வயரிங் வேலை பார்க்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அங்கே பெரிய வீடுகளில், வாயால் சொன்னாலே விளக்கு எரிவதும் திரை விலகுவதும் மாதிரியான ஏற்பாடுகளை மாட்டுவதுதான் அவன் வேலையாம். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான். "அங்க சோபாவுல உக்காந்துருக்கறவன் எந்திரிக்காம இருக்கறதுக்கு இதையெல்லாம் மாட்டிக் குடுத்துட்டு இருக்கேம்மா. உனக்கு மாட்ட மாட்டேனா?"

அவருக்கு முதலில் சந்தேகம். பிறகு அவரே ஒரு கணக்குப் போட்டார். எங்கள் போர் மோட்டாரில் போன் போட்டால் ஓடும் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறது. வயலுக்குப் போகாமலேயே தண்ணீர் பாய்ச்சுவார். "மோட்டார் போட போன் போதும்னா ஃபேன் போட வாய் போதாதா" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வாசல் படிகளின் மேல் சாய்தளம் போட்டிருந்தது. என் கட்டிலுக்கு அருகில் தேங்காய் அளவில் ஒரு பேசும் பெட்டி. விளக்கு, காற்றாடி, டிவி மூன்றுக்கும் அதனிடம் சொன்னால் போதும். யாருக்குப் போன் போட வேண்டும் என்று சொன்னாலும் போடும். வாசல் கதவுக்கு மின்பூட்டு. வந்திருப்பது யார் என்பது என் எதிரே சுவரில் மாட்டிய சின்னத் திரையில் தெரியும். திறக்க வேண்டுமானால் திறக்கச் சொல்லி, நான்கு இலக்க ரகசிய எண்ணையும் சொல்ல வேண்டும். மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பு. நான் வெகுநேரம் அசையாமல் இருந்தாலோ, மூச்சு மாறினாலோ அவர் போனில் மணி அடிக்கும். கன்னத்தால் தொட்டால் ஒலிக்கும் ஒரு பட்டனும் உண்டு. இரண்டு மணிக்கு ஒருமுறை, "வசந்தாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும்" என்று பெட்டி சொல்லும்.

தொடக்கத்தில் அதற்கு என் குரல் புரியவில்லை. காற்றுக் குரலில் நான் ஒன்று சொல்ல, அது வேறு ஒன்றைச் செய்யும். விளக்கைக் கேட்டால் திருச்சி வானிலையைச் சொல்லும். அவர் பேசினாலும் புரியாது. "ஏய், அந்த ஃபேனைச் சித்த போடேன்" என்று பக்கத்து வயல்காரரைக் கூப்பிடுகிற மாதிரி சத்தம் போடுவார். செந்தில் சிரித்துச் சிரித்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தான். "அப்பா, அது கிட்ட நயமா பேச வேண்டாம், கத்தவும் வேண்டாம். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

ஒரு சாயங்காலம் அறை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கொல்லையில் இருந்தார். "விளக்கைப் போடு" என்றேன். எரிந்தது. விழுந்த நாளிலிருந்து "என்னங்க" என்று கூப்பிடாமல் நான் செய்த முதல் காரியம் அது. அணைக்கச் சொன்னேன். அணைந்தது. மறுபடி போடச் சொன்னேன். அவர் ஓடிவந்து, "கரண்டு வந்து வந்து போகுதா?" என்று கேட்டார்.

செந்தில் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியின் போன் பட்டியலில் மோட்டாரின் நம்பரையும் சேர்த்தான். சம்பா நடவு முடிந்த சமயம். கட்டிலில் படுத்தபடி, "மோட்டாருக்குப் போன் போடு" என்றேன். சற்று நேரத்தில் வயலிலிருந்து அவர் கூப்பிட்டார். "தண்ணி வருது வசந்தா. நல்லா வருது." அவர் குரலுக்குப் பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என் வேலை ஆயிற்று. அவர் வரப்பில் நின்று "போடு" என்பார், "நிறுத்து" என்பார். வெகுநாள் கழித்து, எனக்குச் சம்பளம் வந்தது போல இருந்தது.

இதையெல்லாம் மந்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம். கார்த்திகை மழையில் ஒரு நாள் முழுக்கக் கரண்டும் இல்லை, இணையமும் இல்லை. இன்வெர்ட்டர் தீர்ந்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது. அவர் பழைய காலண்டர் அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "இதுக்கு நெட்டு வேண்டாம் பாரு" என்றார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த இயந்திரமும் என்னைத் திருப்பிப் படுக்க வைக்காது. கழுவி விடாது. சோறு ஊட்டாது. காலையில் செல்வி என்ற பெண் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் அவர்தான்.

மார்கழியில் அவருக்கு நெஞ்செரிச்சல் ஆரம்பித்தது. என்னைத் திருப்பிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடது தோள் வலிக்கிறது என்பார். கடையில் ரோஸ் கலர் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். "வாயு. நேரத்துக்குச் சாப்பிடறதில்லை, அதான்."

"ஒரு எட்டு டாக்டர்கிட்டப் போய்ட்டு வாங்களேன்."

"உன்னை யாரு பாக்கறது?"

"தமயந்தி பாத்துப்பா." தமயந்தி என் ஓர்ப்படி, அவருடைய தம்பி சேகரின் மனைவி. அடுத்த வீடுதான்.

"அறுப்பு முடியட்டும்" என்றார்.

தமயந்தியும் சொன்னாள். செந்திலும் போனில் சொன்னான். எல்லோரிடமும் அறுப்பு முடியட்டும் என்றே சொன்னார். வீடு முழுக்க மாட்டியிருந்த கருவிகள் எல்லாம் என்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தன. என் மூச்சு ஒரு தடவை தப்பினால் அவர் சட்டைப் பையில் மணி அடிக்கும். அவர் மூச்சைக் கவனிக்க ஒன்றும் இல்லை. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நோயாளி நான்தானே.

அறுப்புக்கு முந்தின வாரம். செல்வி வேலையை முடித்துப் போய்விட்டாள். அவர் என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அடுப்பங்கரைக்குப் போனார். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அதைவிடக் கனமாக ஒன்று.

"என்னங்க" என்றேன்.

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் முனகுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அடுப்பங்கரை என் அறையிலிருந்து கூடத்தைத் தாண்டினால் வருவதுதான். கால் நன்றாக இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடந்த தூரம். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீயும் வாசனை வந்தது. எனக்கு முகத்துக்கு நேரே சுவர். திரும்பிப் பார்க்கக் கூட முடியவில்லை.

"தமயந்திக்குப் போன் போடு" என்று கத்தினேன்.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது பெட்டி.

மறுபடி கத்தினேன். அழுகையோடு வந்த சொற்கள் எனக்கே விளங்கவில்லை. "மன்னிக்கவும்" என்று அது மறுபடி அதே சாந்தமான குரலில் சொன்னது. அப்போதுதான் செந்தில் அவன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அவருக்காக அழக்கூடாது என்று புரிந்தது. அழுதால் யாரும் வரமாட்டார்கள். மூச்சை இழுத்துப் பிடித்தேன். பள்ளியில் பிள்ளைகளை வரிசைக்குக் கூப்பிடுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னேன். "தமயந்திக்கு. போன். போடு."

"தமயந்தியை அழைக்கிறேன்."

"சொல்லுங்கக்கா" என்றாள் அவள்.

"அவர் விழுந்துட்டார். அடுப்பங்கரையில. சேகரையும் கூட்டிக்கிட்டு ஓடி வா."

வந்துவிட்டாள். வாசல் கதவு பூட்டியிருந்தது. "அக்கா, கதவு, கதவு" என்று அவள் இடிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திற என்று சொல்லி, அந்த நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்றாவது எண்ணில் குரல் உடைந்தது. எண் தவறு என்றது. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பூட்டு விலகும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும்தான் நான் தாங்கினேன்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. சேகர் "அண்ணே, அண்ணே" என்று சொல்லிக்கொண்டே போவது கேட்டது. தமயந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளைத் தொட்டாள். "மூச்சு இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். செல்விக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். அவள் வந்து என்னைத் திருப்பிய பிறகுதான் நான் எங்கள் வீட்டைப் பார்த்தேன். கூடத்தில் அவர் துண்டு கிடந்தது.

மயிலாடுதுறையில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். நான் இருந்த அதே ஆஸ்பத்திரி. மாரடைப்பு. இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது, அந்த இதயத்துக்கே ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் உண்டு, அதில் ஒன்று அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கத்துத் தசை செத்துப்போகும் என்று டாக்டர் சேகரிடம் விளக்கினாராம். அடைப்பை எடுத்து உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்துவிட்டார்கள். ஆனால் தசையில் பழைய தழும்பும் இருந்ததாம். சில வாரங்களுக்கு முன்பே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது. அந்த ரோஸ் கலர் மருந்துப் பாட்டில் அடுப்பங்கரை மாடத்தில் பாதி காலியாக இருந்தது.

செந்தில் விமானம் ஏறி வந்தான். நேராகத் தஞ்சாவூர் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். போனில் வீடியோ போட்டு அவரைக் காட்டுகிறேன் என்றான்.

"வேண்டாம்ப்பா. என்னைத் தூக்கிட்டுப் போ."

"அம்மா, அவ்வளவு தூரம் ஆம்புலன்ஸ்ல. உன் உடம்பு இருக்கற நிலைமைல..."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். செல்வியும் கூட வந்தாள். ஆம்புலன்ஸ் ஜன்னல் வழியே வானம் மட்டும் தெரிந்தது. ஆற்றுப் பாலத்தில் ஏறியதைச் சக்கரச் சத்தத்தில் அறிந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தள்ளுநாற்காலியை உள்ளே விட யோசித்தார்கள். அங்கே இருந்த நர்சு ஒருத்திக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முன்பு நான் கிடந்த வார்டில் இருந்தவள். அவள்தான் பேசி அனுமதி வாங்கினாள். அவர் முகத்தில் ஆக்சிஜன் மூடி. நெஞ்சில் வயர்கள். என் இடது கையைச் செந்தில் தூக்கி அவர் கை மேல் வைத்தான். எனக்கு அந்தக் கையில் தொடுவது தெரியாது. அவர் விரல்கள் மடங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏதோ சொன்னார். மூடிக்குள் கேட்கவில்லை. நர்சு அதைச் சற்றுத் தூக்கினாள்.

"உன்னைத் திருப்பிப் போடறாங்களா?" என்றார்.

"போடறாங்க. செல்வி இருக்கா. தமயந்தி இருக்கா."

"முட்டிக்கு நடுவுல தலகாணி."

"வைக்கறாங்க. நீங்க பேசாதீங்க."

"நெல்லு?"

"சேகர் பாத்துக்கறார். அறுப்பு மெஷினுக்குச் சொல்லியாச்சு."

கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "நீ எப்படி வந்தே?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலும்.

"வண்டியிலதான்" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துக் காலையில் போய்விட்டார். நான் வீட்டில் இருந்தேன். சேகருக்கு வாசலில் ஏறி வந்து சொல்ல வாய் வரவில்லை. சுவர்த் திரையில் அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்தேன். மணியை அடிக்கவில்லை. நானே கதவைத் திறக்கச் சொன்னேன்.

அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என் கட்டிலையும் கூடத்துக்கு இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது உள் அறையிலிருந்து பெட்டி சொன்னது: "வசந்தாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும்."

எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தெரியாதவர்களுக்கு யார் பேசியது என்றே புரியவில்லை. செந்தில் எழுந்து உள்ளே ஓடினான்.

"அணைச்சுடாதப்பா" என்றேன்.

"அம்மா..."

"நேரமாயிடுச்சு. திருப்பு. அப்பா பக்கமா திருப்பு."

அவனும் தமயந்தியும் சேர்ந்து திருப்பினார்கள். அவர் செய்கிற மாதிரி வரவில்லை. முட்டி இடித்துக்கொண்டது. மற்ற சடங்குகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை.

காரியம் முடிந்ததும் செந்தில் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், வாழ்க்கை இருக்கிறது. ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றியும் உறவில் சிலர் மெதுவாகப் பேச்செடுத்தார்கள். இங்கேயே இருக்கிறேன் என்றேன். செல்வி பகல் முழுவதும் இருக்க ஒப்புக்கொண்டாள். இரவில் துணைக்கு அவளுடைய சித்தி வருகிறாள். அவர்கள் இருவரையும் நானும் செந்திலும் சேர்ந்து கட்டாயப்படுத்தி, நெஞ்சு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வைத்தோம். நிலத்தைச் சேகர் பார்க்கிறார். மோட்டார் மட்டும் இன்னமும் என்னிடம்தான்.

நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்கிறார்கள். விளக்கை நானே போடுகிறேன். யார் வந்தாலும் கதவை நானே திறக்கிறேன். தலை பின்னிவிடுவதைச் செல்வி மிக அழகாகச் செய்கிறாள். அதைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோல் பிரிப் பின்னல் ஞாபகம் வருகிறது.

போன மாதம் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கும் கழுத்தில் அடிபட்டு, என்னைப் போலவே ஆகிவிட்டதாம். அதே ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகளுடன் வந்து வீடு முழுவதையும் பார்த்தார். பூட்டை, விரிப்பை, கன்னத்துப் பட்டனை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். மகள் போனில் படம் எடுத்தாள். எது உதவும், எது வீண் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அடிக்கடி இடது தோளைப் பிசைந்துவிட்டுக்கொண்டார்.

"தோள்ல என்னங்க?" என்றேன்.

"தூக்கறோம்ல, சுளுக்கு மாதிரி இருக்குங்க. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க கடைசியா எப்ப உங்களை டாக்டர்கிட்டக் காட்டுனீங்க?"

அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கண்ணு, போற வழியில அப்பாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இ.சி.ஜி. எடுக்கச் சொல்லு. நெஞ்சுல வயர் வச்சு ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் குடுப்பாங்க. வலிக்காது, சீக்கிரம் முடிஞ்சிடும். இதையெல்லாம் மாட்டறதுக்கு முன்னால அதைச் செய்யுங்க."

"இன்னொரு நாள் பாத்துக்கலாங்க. வீட்டுல அது தனியா கிடக்கும்" என்றார் அவர்.

"இன்னைக்கே போங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார். "எடுத்துட்டு எனக்குப் போன் பண்ணணும்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"எடுத்துட்டேங்க. ரத்தமும் எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் இல்லையாம். வெறும் தசைப் பிடிப்புதானாம்."

"நல்லதுங்க."

"தேவையில்லாம பயந்துட்டீங்கம்மா நீங்க."

"ஆமாங்க" என்றேன். "வீட்டுக்குப் போய்ட்டீங்களா? அவங்களைத் திருப்பிப் போட்டாச்சா?"